அரசின் தலையீடு குறைவாகவும் தனிமனித சுதந்திரம் அதிகமாகவும் இருக்கவேண்டும் என்று நினைக்கும் லிபர்டேரியன்கள், அமெரிக்க அதிபர்களில் யாரை மெச்சுவார்கள்? ரீகனைத்தானே?

ரீகன் பெயர்தான் முதலில் வரும். அரசைச் சுருக்கவேண்டும் என்று பேசினார், வருமான வரியையும் குறைத்தார். ஆனால் அவர் காலத்தில் மத்திய அரசின் கடன் ஏறக்குறைய மூன்று மடங்கானது. போதைப்பொருள் சட்டங்களும் இறுகின. தனிமனித சுதந்திரத்தை அளவுகோலாக வைப்பவர்களுக்கு இரண்டுமே உறுத்தும்.

அவர்களில் பலர் கொண்டாடுவது குரோவர் கிளீவ்லாந்தை. 1887-ல் டெக்சாஸில் கடும் வறட்சி. விவசாயிகளுக்கு விதை வாங்கித் தர 10,000 டாலர் ஒதுக்கி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மசோதா நிறைவேற்றியது. அரசாங்கத்துக்கு அது சில்லறைக் காசு. அதையும் அவர் வீட்டோ செய்தார்: அரசியல் சாசனத்தில் இதற்கு இடமே இல்லை என்பது அவர் வாதம். இரண்டு பதவிக்காலங்களில் இப்படி அவர் தடுத்த மசோதாக்கள் 584. ஆனால் ஊருக்குப் போன சீனத் தொழிலாளர்கள் திரும்பி வரவே கூடாது என்ற 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டதும் இவர்தான். 1894-ல் புல்மன் ரயில் வேலைநிறுத்தத்தின்போது ராணுவத்தை அனுப்பியதும் இவரே. ரசிகர்கள் இதையெல்லாம் சத்தமில்லாமல் தாண்டிவிடுவார்கள்.

என்னைக் கேட்டால் ஜிம்மி கார்ட்டருக்குக் கூடுதல் மதிப்பெண் போடுவேன் (சிரிக்காதீர்கள்). வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவ அழைப்பைத் தவிர்த்தவர்களை 1977-ல் மன்னித்தார். விமானக் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கும் முறைக்கு 1978-ல் முடிவுகட்டினார். 1980-ல் கட்டாய ராணுவ அழைப்புக்கான பெயர்ப் பதிவைத் திரும்பக் கொண்டுவந்தது மட்டும் பெரிய சறுக்கல்.

கடைசி இடத்துக்குப் போட்டி உட்ரோ வில்சனுக்கும் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கும். ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்த 1942-ஆம் ஆண்டு உத்தரவு ஒன்றே போதும், நான் ரூஸ்வெல்ட்டை அடியில் வைக்க.

இன்றைய வேட்பாளர்களை ஒப்பிடும்போதும் வரியோடு நின்றுவிடாதீர்கள். போர், குடியேற்றம், இறக்குமதி வரி, உளவு அதிகாரம் எல்லாவற்றையும் கேளுங்கள். இரு பெரிய கட்சிகளிலும் ஆள் தேறுவது கஷ்டம்.