இந்த வருடம் வீணாகிவிட்டது என்று எழுதியவருக்கு

மார்ச்சில் குதிரையில் தடை தாண்டும் முதல் ஜம்பிங் போட்டியில் பரிசு ரிப்பன், ஜூனில் விழுந்து தோள்பட்டை முறிவு, அது ஆறுவதற்குள் குதிரைக்கு முன்னங்கால் தசைநாணில் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) காயம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது, என் குதிரைக்கும் இதே காயம்தான் வந்தது.

முதலில் குதிரை. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, மெதுவாகத்தான் ஆறும்; 9 முதல் 12 மாதம் ஆவது சாதாரணம். நொண்டல் நின்றுவிட்டதே என்று அவசரப்படாதீர்கள், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நார்கள் பலமாகியிருக்காது, ஸ்கேன் பார்த்து மருத்துவர் சொன்ன பிறகுதான் நடையிலிருந்து டிராட் என்ற மெதுவோட்டத்துக்குப் போக வேண்டும். தினமும் காலையில் இரண்டு முன்னங்கால்களையும் முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாகத் தடவிப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாகவோ லேசாக வீங்கியோ இருந்தால் அன்றைக்கு ஓய்வு, உடனே மருத்துவருக்கு போன். அப்புறம் சேணம்: மாதக்கணக்கில் ஓய்வில் இருந்ததால் முதுகுத் தசை இளைத்திருக்கும், பழைய சேணம் அழுத்தலாம்.

கேன்டர், அதாவது டிராட்டைவிட வேகமான ஓட்டம், என்று நினைத்தாலே பயத்தில் கை கடிவாளத்தை இறுக்குகிறது என்கிறீர்களே, அதற்கு உங்கள் குதிரை தேறும்வரை காத்திருக்க வேண்டாம். வயதான, சாதுவான குதிரை ஒன்றில், பயிற்சியாளர் நீளக் கயிற்றைப் பிடித்திருக்க, வட்டத்தில் பத்தே தப்படி கேன்டர் போய் நிறுத்துங்கள், நான் அப்படித்தான் மீண்டேன். என் குதிரையின் காயம் ஆறும்வரை அதைக் கயிற்றில் பிடித்துத் தினம் 20 நிமிடம் கூடவே நடந்த அந்த மாதங்களில்தான் அது என் தோளில் மூக்கை வைத்து மூச்சுவிடப் பழகியது.