வேறு மாநிலத்துக்கு வேட்டைக்குப் போகும்போது, பொது நிலம் எது என்று காட்டும் வரைபடம் குறைந்த செலவில் எங்கே கிடைக்கும்?

அமெரிக்காவில் டெக்சாஸிலிருந்து வயோமிங்குக்கு ஆண்டிலோப் (மான் போன்ற விலங்கு) வேட்டைக்குப் போகிறவன் நான். எங்கள் மாநிலத்தில் ஏறக்குறைய 95 சதவீத நிலம் தனியார் கையில் இருக்கிறது. யாருக்கும் காசு கொடுக்காமல் துப்பாக்கியோடு நடக்க வேண்டும் என்றால் மேற்கே போனால்தான் உண்டு. முதல் வருடம் மேப்புக்கு என்று செலவழித்த பணத்தில் பாதி தண்டம். அதனால் சொல்கிறேன், காசு கொடுப்பதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதை எல்லாம் பார்த்துவிடுங்கள்.

முதலில் வயோமிங் கேம் அண்ட் ஃபிஷ் துறையின் ஹன்ட் பிளானர். உங்கள் டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) எந்தப் பகுதிக்கோ அதன் எல்லை, உள்ளே யாருடைய நிலம், தனியார் நிலத்திலேயே வேட்டைக்குத் திறந்துவிட்ட வாக்-இன் ஏரியாக்கள் என எல்லாம் அதில் தெரியும். அடுத்து, மத்திய அரசின் பொது நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் பிஎல்எம் வெளியிடும் 1:1,00,000 அளவு மேப். காகிதத்தில் வாங்கினாலும் ஒரு ஹோட்டல் சாப்பாட்டை விடக் குறைவுதான். மஞ்சள் என்றால் பிஎல்எம் நிலம், பச்சை வனத்துறை, நீலம் மாநில அரசு, வெள்ளை தனியார். வாங்கும்போது அச்சிட்ட வருடத்தைப் பாருங்கள். நிலம் கைமாறியிருந்தால் பழைய மேப்பில் தெரியாது.

மலை, பள்ளம் தெரிய, அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையான யுஎஸ்ஜிஎஸ்ஸின் டோப்போ மேப்புகளை இலவச பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். வனத்துறை நிலத்துக்குப் போவதாக இருந்தால் எம்வியூஎம் என்கிற வண்டிச் சாலை மேப் கட்டாயம் வேண்டும். பார்க்க ஒன்றும் இருக்காது, வெறும் கறுப்புக் கோடுகள். ஆனால் எந்தச் சாலையில் எந்த மாதம் வண்டி ஓட்டலாம் என்பதை அதில்தான் பார்க்க வேண்டும். அதுவும் இலவசம். இந்த மேப்புகளை அவென்சா என்ற மேப் ஆப்பில் ஏற்றிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் புள்ளி மேப்பில் தெரியும். அந்த ஆப்பின் கடைக்கு வெளியிலிருந்து எடுத்த மேப்பை மூன்று வரை காசில்லாமல் ஏற்றலாம்.

அப்புறம் ஆன்எக்ஸ் மாதிரி சந்தா ஆப்கள். நிலத்தின் உரிமையாளர் பெயரோடு எல்லைக்கோடு வரை காட்டுவதால் இதற்கு மட்டும் நான் காசு கொடுக்கிறேன். ஆனால் போகிற ஒரு மாநிலத்துக்கு மட்டும் கட்டினால் போதும். எல்லா மாநிலச் சந்தாவில் பாதிகூட ஆகாது.

சரி, மேப் கையில் வந்துவிட்டது. நான் கோட்டை விட்டது இதற்கு அப்புறம்தான். திரையில் அழகான மஞ்சள் சதுரம் ஒன்றைப் பார்த்துவிட்டு மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன். போய்ப் பார்த்தால் சுற்றிலும் வெள்ளை, உள்ளே போக ஒரு பொதுச் சாலைகூட இல்லை. வேலிக்கு அப்பால் ஆண்டிலோப் கூட்டம் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. தெற்கு வயோமிங்கில் இது சகஜம். 1860களில் யூனியன் பசிபிக் ரயில்வேக்குத் தண்டவாளத்தின் இரு பக்கமும் 20 மைல் வரை, ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக நிலம் கொடுத்தார்கள்; நடுவே விட்டது அரசிடம் நின்றது. அதனால்தான் மேப் இன்றும் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கிறது.

மூலை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு மஞ்சள் கட்டங்களில் ஒன்றிலிருந்து மற்றதற்கு, தனியார் மண்ணில் கால் படாமல் அந்த மூலை வழியாகத் தாண்டலாமா என்பது நீண்ட வழக்கு. தாண்டலாம் என்று பத்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ எல்லாம் அந்த சர்க்யூட் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வரும், மொன்டானா வராது.

வண்ணத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். நீல நிலத்தில் வயோமிங்கில் வேட்டையாடலாம், ஆனால் இரவு தங்க முடியாது. கொலராடோவில் அதே நீலம் பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்ததே அல்ல. வயோமிங்கில் வில்டர்னெஸ் (சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காடு) என்று எழுதிய பச்சைப் பகுதியில், வெளி மாநிலத்தவர் வழிகாட்டி இல்லாமல் எல்க், மான் போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாடக் கூடாது. டேக்குக்கு விண்ணப்பிக்கும் முன்பே அந்தப் பகுதியின் எல்லையைப் பார்த்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, இறக்கிவைத்த மேப் திறக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். என்னுடையது ஒருமுறை திறக்கவில்லை. அன்று பாக்கெட்டில் மடித்து வைத்திருந்த பிஎல்எம் காகிதத்தைப் பார்த்துத்தான் வண்டி நின்ற இடத்துக்குத் திரும்பினேன்.