சுருள் பாதையில் இன்ஜின் வழுக்குவது பற்றி

வணக்கம் நண்பரே. மாதிரி ரயில் பாதை வரையும் ஸ்கார்ம் மென்பொருளில் எல்லாத் தண்டவாளத் துண்டும் கச்சிதமாகப் பொருந்தியும், கட்டிய பிறகு எட்டுப் பெட்டிகளோடு இன்ஜின் சுற்றிச் சுற்றி மேலேறும் சுருள் பாதையில் ஏறாமல் சக்கரம் வழுக்குகிறது என்கிறீர்கள். கோளாறு இன்ஜினில் இல்லை, ஏற்றத்தில்தான்.

நீங்கள் சொன்ன 36 செ.மீ. ஆரத்துக்கு ஒரு சுற்று 226 செ.மீ. வருகிறது. அதற்குள் 9 செ.மீ. ஏறினால் 4 சதவீதம். ஹெச்ஓ (1:87 அளவு மாதிரி) வண்டிக்கு அதுவே அதிகம். போதாததற்கு வளைவு முழுக்கச் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசி இழுக்கிறது.

ஏற்றத்தைக் குறைக்க அந்த உயரத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள். அந்த 9 செ.மீ.யில் தண்டவாளத்தைத் தாங்கும் பலகையின் தடிமனும் அடக்கம். என் முதல் சுருளில் அதைக் கணக்கில் விட்டுவிட்டு, மாடிப் பெட்டியின் கூரை மேல் பலகையில் உரசி, மொத்தமும் பிரித்துக் கட்டினேன்.

எல்லாவற்றையும் தாங்கும் அடிப்பலகையின் அகலம் 1 மீட்டர்தானே? ஆரத்தை 43.75 செ.மீ. ஆக்கி, இரண்டு அரைவட்டங்களுக்கும் நடுவே பக்கத்துக்கு 40 செ.மீ. நேர்ப்பாதை போடுங்கள். சுற்று 355 செ.மீ. ஆகும், ஏற்றம் 2.5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நீளத்துக்கு 1.4 மீட்டர் ஒதுக்க வேண்டும்.

அப்புறம், மென்பொருளில் அடியிலும் உச்சியிலும் மட்டும் உயரம் கொடுக்காமல், ஒவ்வொரு அரைச்சுற்றிலும் கொடுத்துச் சரிவைப் பாருங்கள். சுருளில் நுழையும் இடத்தில் ஏற்றம் மெல்லத் தொடங்கட்டும், இல்லையென்றால் கொக்கி கழன்றுகொள்ளும்.