1 கோடி கடனில் போர்ஷே எடுக்கலாமா?

மாதம் கைக்கு 4 லட்சம் வருகிறது, 1 கோடி கடன் போட்டு பழைய போர்ஷே 911 எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் நண்பரே. 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணையே சுமார் 2,07,600 ரூபாய், சம்பளத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும், அதற்கப்புறம்தான் இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல் எல்லாம். என் மச்சான் வாங்கிய வண்டியில் பின் டயர்கள் உள்விளிம்பில் கம்பி தெரியத் தேய்ந்திருந்தன, வெளியே நின்று பார்த்தால் புதுசு மாதிரி! அதனால் ஒர்க்ஷாப் லிஃப்டில் வண்டியை ஏற்றி அடியில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆசை புரிகிறது, அந்த எஞ்சின் சத்தம் எனக்கும் உயிர். 6 மாதம், மாதம் இரண்டரை லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். வீட்டுச் செலவு இடிக்காமல் ஓடினால், சேர்ந்த 15 லட்சத்தால் கடனைக் குறைத்துக்கொண்டு எடுங்கள்.