மகன் பெயரில் போடுவதா, மகனுக்குச் செலவழிப்பதா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகனுக்கு 9 வயது, ஓட்டிசம். நானும் கணவரும் தனியார் நிறுவனங்களில் வேலை. சேமிப்பு 15 லட்சம் ரூபாய். பேச்சுப் பயிற்சிக்குக் காசைக் கொட்டாமல் எல்லாவற்றையும் அவன் பெயரில் வைப்பில் போடச் சொல்கிறார் மாமியார். கடையில் பாண் வாங்கி, மீதிக்காசை எண்ண இப்போதுதான் பழகியிருக்கிறான். ஒரு பாடசாலை அவனைச் சேர்க்கவும் மறுத்துவிட்டது.

பதில்: பயிற்சியை நிறுத்தாதீர்கள். “எங்களுக்குப் பிறகு யார்?” என்ற பயம் மாமியாருக்கு மட்டுமல்ல, என்னிடம் வரும் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. ஆனால் மீதிக்காசை எண்ணத் தெரிந்த பிள்ளை நாளைக்கு அவ்வளவு தூரம் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பயிற்சிக் கட்டணத்தை வீட்டு வாடகை போல, சம்பளம் வந்ததும் எடுத்து வையுங்கள்.

முழுத் தொகையையும் மகன் பெயரில் போட வேண்டாம். 18 வயதானதும் கையெழுத்து அவனுடையது. அவனுக்கு விளங்குமா என்று வங்கி சந்தேகப்பட்டால் மாவட்ட நீதிமன்றம் வரை போக நேரலாம். மகனின் சிகிச்சைக்குக் காசெடுக்க வந்த ஒரு தாய், வங்கிக் கவுண்டரில் அவன் விரல்களைப் பிடித்துப் பேனாவைத் திணித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். காசு அவர்களுடையதுதான், எடுக்க முடியவில்லை.

ஆறு மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கில் விட்டு, மிச்சத்தை உங்கள் இருவர் பெயரில் நிலையான வைப்பாக இரண்டு வங்கிகளில் பிரியுங்கள். வங்கி முறிந்தால் காசைத் திருப்பித் தரும் வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 லட்சம் வரைதான். அப்புறம், சேமலாப நிதியில் உங்கள் பின்னுரித்தாளி, அதாவது உங்களுக்குப் பிறகு அந்தக் காசைப் பெறுபவர், யார் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயரை மாற்ற மறந்தவர்கள் நிறையப் பேர். உயிலும் எழுதுங்கள். மகனுக்கான பங்கை நம்பிக்கைப் பொறுப்பாக, அதாவது அவனுக்காக இன்னொருவர் பார்த்துக்கொள்ளும் சொத்தாக வைத்து, யார் நிர்வகிப்பது, எதற்குச் செலவழிப்பது என்று சட்டத்தரணி மூலம் தெளிவாக எழுதி வையுங்கள். அண்ணன் தம்பி வாய்ப்பேச்சாகச் சொல்வது போதாது.

பாடசாலை விஷயத்தில் பேசாமல் இருக்காதீர்கள். மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

மாமியார் ஆசைப்படி மகன் பெயரில் சிறு கணக்கு ஒன்று திறக்கலாம். மாதம் 500 ரூபாயை அவனே எண்ணிக் கொண்டுபோய்க் கட்டட்டும்.