வரிசையில் வரும் பாஸ் ஆட்டத்தில் ஏன் தொலைகிறது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்குச் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் கால்பந்து சொல்லித் தருகிறேன். பத்து, பதினோரு வயது. எதிரெதிரே நின்று பாஸ் அடிக்கச் சொன்னால் அழகாக அடிக்கிறார்கள். ஆட்டத்தில் பந்து காலில் பட்டுத் தெறிக்கிறது, இல்லையென்றால் எதிராளிக்குப் போகிறது. மண் மைதானம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பந்தைப் பாருங்கள். இந்த வயதுக்கு 4-ஆம் எண் பந்து போதும். பெரியவர்களின் பந்துக்கு விதி அனுமதிக்கும் காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை. மண்ணில் 9-ஐ ஒட்டி வைத்தால் பந்து அவ்வளவாகத் துள்ளாது. கல்லாக இறுகிய பந்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை.

அடுத்து, எதிரெதிரே நிற்கும் பயிற்சி. அதை ஐந்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே வாங்குகிறவன் பந்தைத் தவிர எதையும் பார்க்க வேண்டியதில்லை. நெஞ்சைக் காட்டி நேராக நின்று, வந்த வழியே திருப்பி அடிக்கிறான். ஆட்டத்தில் முதுகுக்குப் பின்னால் ஒருவன் நிற்கிறான். உங்கள் பிள்ளைகளுக்குக் குறை அடிப்பதில் இல்லை, வாங்குவதற்கு முந்தைய ஒரு நொடியில் இருக்கிறது.

மூன்று மூன்று பேராகப் பிரித்து ஒரே கோட்டில் நிறுத்துங்கள்: இரு முனைகளுக்கும் நடுவே 16 மீட்டர், ஒருவன் மையத்தில். ஒரு முனையில் இருப்பவன் அடிக்கப் போகும்போது மறுமுனைக்காரன் விரல்களைக் காட்ட வேண்டும். நடுவில் இருப்பவன் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து எண்ணைச் சொல்லிவிட்டு, உடம்பைப் பக்கவாட்டில் திறந்து நின்று, பந்து வரும் திசையிலிருந்து தள்ளியிருக்கும் காலின் உள்பாதத்தில் வாங்கி, அடுத்த தொடுதலில் மறுமுனைக்கு அனுப்ப வேண்டும். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். பந்து நெருங்கிய பிறகு திரும்பிப் பார்ப்பவன் அதைத் தவறவிடுவான். பார்வை முன்பே முடிந்திருக்க வேண்டும். உள்ளங்காலால் மிதித்து நிறுத்துவதை அனுமதிக்காதீர்கள், செத்த பந்தை மறுபடி நகர்த்துவதற்குள் எதிராளி வந்துவிடுவான்.

இது பிடிபட்டதும் மறுமுனைக்காரனை எதிராளியாக்குங்கள். அவன் ஒட்டி வந்தால் பந்தை அடித்தவனிடமே திருப்பு, விலகி நின்றால் திரும்பி ஓட்டு. எது என்று நீங்கள் கத்தக் கூடாது. வாங்குகிறவனே பார்த்து முடிவெடுக்கட்டும்.

பாஸ் கொடுப்பவனிடம் இரண்டைக் கவனியுங்கள். ஊன்றும் கால் பந்தின் பக்கத்தில், விரல்கள் இலக்கை நோக்கி. பந்து மேலே எழும்பினால் அநேகமாக உடம்பு பின்னால் சாய்ந்திருக்கும். தோழனின் காலடிக்கு என்று பொதுவாக அடிக்காமல், எதிராளிக்கு எட்டாத பக்கத்துக் காலுக்கு அடிக்கப் பழக்குங்கள்.

கடைசி இருபது நிமிடம் 10 மீட்டர் சதுரத்தின் ஓரங்களில் நிற்கும் நான்கு பேருக்கு எதிராக உள்ளே இருவர். ஆறு பாஸ் சேர்ந்தால் நால்வருக்கு ஒரு புள்ளி. பந்தைப் பறித்துக் கோட்டுக்கு வெளியே ஓட்டினால் இருவருக்கு ஒன்று. பந்தை இழந்தவன் உள்ளே போவான். ஒரே தொடுதல் என்ற கட்டுப்பாட்டை இப்போதே வைக்காதீர்கள், பார்க்காமல் உதைக்கத்தான் அது பழக்கும். மூன்று பாஸுக்கு மேல் தேறவில்லையா, சதுரத்தை 12 மீட்டராக்குங்கள். உள்ளே இருப்பவர்களுக்குப் பந்தே கிடைக்கவில்லையா, 8-ஆகக் குறையுங்கள்.