துணைவர் வன்முறை: ஆண், பெண் கணக்கு ஏன் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது?

ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாகவே துணையிடம் அடிவாங்குகிறார்கள் என்று சில ஆய்வுகள் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். எதை எண்ணினார்கள் என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

1979-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மர்ரே ஸ்ட்ராஸ் வெளியிட்ட கேள்வித்தாளைத்தான் பல ஆய்வுகள் பயன்படுத்தின. தள்ளினாரா, அறைந்தாரா, எத்தனை முறை என்று அது கேட்கும். தற்காப்புக்காகத் திருப்பி அடித்திருந்தாலும் அதுவும் ஒரு 'ஆம்' தான். காயம் பற்றிய கேள்விகள் 1996 திருத்தத்தில்தான் வந்தன. இப்படி எண்ணினால் இரு பக்கமும் நெருங்கி வருவதில் வியப்பில்லை.

அமெரிக்காவின் 2010 தேசியக் கணக்கெடுப்பைப் பாருங்கள். துணையிடம் வல்லுறவு, அடி, பின்தொடர்தல் இவற்றில் ஏதாவது ஒன்றை வாழ்நாளில் சந்தித்தவர்கள் பெண்களில் 35.6%, ஆண்களில் 28.5%. சரி, அதனால் பயந்தீர்களா, காயம்பட்டீர்களா, வேலைக்குப் போக முடியாமல் போனதா என்று அடுத்துக் கேட்டதும் அது 28.8%, 9.9% என்று விலகிவிடுகிறது. எனக்கு இந்த இரண்டாவது கணக்குதான் முக்கியமாகப் படுகிறது.

கொலையில் இடைவெளி இன்னும் கொடூரம். 2013-இல் வெளியான உலகளாவிய ஆய்வின்படி, கொல்லப்பட்ட பெண்களில் சுமார் 38% பேரைக் கொன்றது துணைவரே. ஆண்களில் அது 6%.

அதற்காக ஆண்களின் வலியைத் தள்ளிவிடக் கூடாது. அதே 2010 கணக்கெடுப்பில் ஏழில் ஒரு ஆண் துணையிடம் கடுமையான உடல் வன்முறையை அனுபவித்திருக்கிறார். வெட்கத்தால் வெளியே சொல்லாதவர்களுக்கும் உதவி எட்ட வேண்டும்.